கறுத்த குளிர்கால நாள்: அமோர்ஃபிஸின் இரண்டாவது ஆல்பம்

இன்னைக்கு நாம பேசப்போறது ஃபின்லாந்தோட அமோர்ஃபிஸ் பேண்ட் 1994-ல வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் தி தவுசண்ட் லேக்ஸ்' ஆல்பம். பின்னாடி ப்ரோக்ரெசிவ் ராக் பக்கம் நல்லாவே நகர்ந்த பேண்ட்தான். ஆனா இந்த ரெண்டாவது ஆல்பத்துல பாட்டு முக்கால்வாசி உறுமல் குரல்லதான் இருக்கும். "மெட்டலா, ஆள விடுங்க"ன்னு ஓடிடாதீங்க. அந்த உறுமலுக்கு அடியில என்ன கதை ஓடுதுங்கிறதுதான் இன்னைக்கு விஷயம்.

1990-ல ஹெல்சிங்கியில ஆரம்பிச்ச பேண்ட். முதல் ஆல்பம் 1992-ல வந்தது, அது அந்தக் காலத்து டெத் மெட்டல். அடுத்த வருஷமே ஸ்டாக்ஹோம் போய், தோமாஸ் ஸ்கோக்ஸ்பெர்க்கோட சன்லைட் ஸ்டுடியோவுல ரெண்டாவது ஆல்பத்தை ரெக்கார்ட் பண்ணினாங்க. மரம் அறுக்கிற ரம்பம் மாதிரி கரகரக்கும் கிட்டார் சத்தத்துக்குப் பேர்போன ஸ்டுடியோ அது. அங்க இவங்க கூட்டிட்டுப் போன ஆள் ஒரு கீபோர்டு வாசிப்பவர், காஸ்பர் மோர்ட்டென்சன். 1970-களோட ப்ரோக்ரெசிவ் ராக்ல கேட்ட அதே மூக் சிந்தசைசர் சத்தம் டெத் மெட்டலுக்குள்ள நுழையுது. ஆல்பம் தொடங்குறதே பியானோவுலதான், கிட்டார் அப்புறமாத்தான் வரும். எல்லாரும் இருபதைத் தொட்ட பசங்க!

பாட்டு வரிகளுக்கு அவங்க போன இடம் 'கலேவலா', ஃபின்லாந்தோட தேசிய காவியம். எலியாஸ் லொண்ரொத்ங்கிற மருத்துவர் கரேலியா பக்கம் ஊர் ஊரா அலைஞ்சு, வாய்மொழியா பாடிட்டிருந்த பாடல்களை எழுதி எடுத்துக் கோத்தது. 1835-ல முதல் பதிப்பு, 1849-ல விரிவான பதிப்பு. அதுல 50 பாடல்கள், 22,795 அடிகள். அமோர்ஃபிஸ் எடுத்தது கீத் பாஸ்லியோட ஆங்கில மொழிபெயர்ப்பை. சொந்த ஊர்க் காவியத்தை இங்கிலீஷ்ல பாடறது கொஞ்சம் விசித்திரம்தான்.

காவியம்னதும் வாள், போர், வீரம்னு தோணும். மெட்டல் பேண்டுக்கு அதெல்லாம் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. அந்த மாதிரி பாட்டும் ஆல்பத்துல உண்டு. ஆனா மனசுல நிக்கிற ரெண்டு பாட்டும் பொண்ணுங்களோடது.

ஒண்ணு, 'பிளாக் வின்டர் டே'. கலேவலாவோட 22-வது பாடல் ஒரு கல்யாண வீட்டுல நடக்குது. வடநாட்டுப் பொண்ணைக் கொல்லன் இல்மரினன் கட்டிக்கிட்டுப் போறான். கிளம்புற நேரத்துல அவ அழுறா. மத்தவங்க மனசெல்லாம் வசந்தகால விடியல் மாதிரி இருக்குமாம், தன் மனசு மட்டும் இருண்ட குளிர்கால நாள் மாதிரி இருக்குன்னு சொல்றா. டிசம்பர் கடைசியில ஹெல்சிங்கியிலயே பகல் ஆறு மணி நேரத்தைத் தொடாது, வடக்கே போனா சூரியனே வராத நாட்கள் இருக்கு. அந்த ஊர்ல இந்த உவமையைச் சொன்னா விளக்கமே வேண்டாம். கரேலியாவுல சாவு வீட்டுல மட்டுமில்ல, கல்யாண வீட்டுலயும் பெண்கள் ஒப்பாரி பாடுவாங்க. பிறந்த வீட்டை விட்டுப் போறதும் அவங்களுக்கு ஒரு இழப்புதான்.

இன்னொண்ணு 'டிரவுண்ட் மெய்டு'. இது ஐனோவோட கதை. யொவுகாஹைனன்னு ஒரு இளவட்டம், வயசான பாடகன் வைனாமொயினன்கிட்ட வம்புக்குப் போய்ப் பாட்டுப் போட்டியில தோத்து, சேத்துல கழுத்து வரைக்கும் புதைஞ்சுடறான். உயிர் தப்பிக்க என்ன தர்றான் தெரியுமா? தங்கச்சியை. வீட்டுக்கு வந்து சொன்னா அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பெரிய இடத்து மாப்பிள்ளை ஆச்சே! ஐனோவை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அவ கடலுக்குப் போயிடறா. இனி இந்தத் தண்ணி என் ரத்தம், இதுல நீந்துற மீன் என் சதைன்னு சொல்லிட்டு மறைஞ்சுடறா. அம்மாவோட கண்ணீர் மூணு ஆறா ஓடுதுன்னு காவியம் சொல்லுது.

இதுல கவனிக்க வேண்டிய ஒண்ணு இருக்கு. லொண்ரொத் சேகரிச்ச நாட்டுப்பாடல்கள்ல அந்தப் பொண்ணு தூக்குப் போட்டுக்குவா. தண்ணில மூழ்குற மாதிரி மாத்தினதும், 'ஒரே'ன்னு பொருள்படுற சொல்லை 'ஐனோ'ன்னு பேராக்கினதும் அவர்தான். இன்னைக்கு ஃபின்லாந்துல நிறைய பொண் குழந்தைகளுக்கு அந்தப் பேரு.

இப்போ பாட்டைக் கேளுங்க. இந்தப் பொண்ணுங்களோட துக்கத்தைப் பாடறது தோமி கொய்வுசாரியோட அடிவயித்து உறுமல். முதல்ல பொருந்தவே பொருந்தாத மாதிரி இருக்கும். ஆனா எசா ஹோலோபைனனோட கிட்டார், நாட்டுப்பாட்டு மாதிரி ஒரு சின்ன மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். கலேவலாவும் அப்படித்தான்: எட்டு அசை அடி, சொன்னதையே அடுத்த அடியில வேற சொல்லால இன்னொரு தடவை சொல்லும். அழுகையை மெட்டு சுமக்குது, ஆத்திரத்தைக் குரல் சுமக்குது. மெல்லிய குரல்ல பாடியிருந்தா வெறும் சோகப் பாட்டாப் போயிருக்கும்னு எனக்குத் தோணுது. 'மேஜிக் அண்ட் மேஹெம்' நடுவுல வர்ற டான்ஸ் மியூசிக் மாதிரியான சிந்தசைசர் பகுதி மட்டும் இன்னும் எனக்கு ஒட்டல, அது வேற விஷயம்.

மோர்ட்டென்சன் இந்த ஆல்பத்தோட விலகிட்டார். 1996-ல வந்த 'எலெஜி'யில பாசி கொஸ்கினன் சேர்ந்து உறுமல் இல்லாம நிறைய பாடினார், ப்ரோக்ரெசிவ் பக்கம் பாதை திரும்பினது அங்கதான். உறுமல் சுத்தமா ஆகாதுன்னா அதுலேர்ந்து தொடங்கலாம்.

ஐனோ கதையைத் தமிழ்லயே படிக்கலாம். ஹெல்சிங்கியில வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் ஆர். சிவலிங்கம், உதயணன்ங்கிற பேர்ல எழுதினவர், கலேவலா முழுசையும் தமிழாக்கம் செஞ்சிருக்கார். அதுவும் 1994-ல வந்ததுதான். மதுரைத் திட்டத்துல இலவசமா இருக்கு. நாலாவது பாடலைத் திறந்து வெச்சுக்கிட்டு 'டிரவுண்ட் மெய்டு' போடுங்க.