ஆகாயத்தில் ஒரு லூஸ் கான்டாக்ட்

சாகசக்காரர்களின் தலைக்கவசத்தில் ஒட்டியிருக்கும் குட்டிக் கேமராவால் பெயர் பெற்ற அமெரிக்க நிறுவனம் கோப்ரோ. 2016 அக்டோபர் 23 அன்று அது ‘கர்மா’ என்ற ட்ரோனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேமரா இல்லாமலே விலை 799 டாலர். பெயர் வைத்த நேரமோ என்னவோ, 16 நாள்தான் தாங்கியது. நவம்பர் 8 அன்று, விற்றுப்போன சுமார் 2,500 ட்ரோன்களையும் திருப்பிக் கொடுங்கள், முழுப் பணமும் தருகிறோம் என்று நிறுவனம் அறிவித்தது. அவற்றில் சில, பறந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் அற்றுப்போய் விழுந்திருந்தன. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

ட்ரோன் விழுந்தால் மென்பொருளையோ ஜிபிஎஸ்ஸையோ சந்தேகிப்பதுதான் நம் வழக்கம். இங்கே குற்றவாளி, பேட்டரியை உடலோடு பிடித்துவைக்கும் சாதாரணக் கொக்கி. அதை மாற்றி வடிவமைத்து, 2017 பிப்ரவரியில் கர்மாவை மறுபடி கடைக்கு அனுப்பினார்கள். 2018 தொடக்கத்தில் கோப்ரோ ட்ரோன் தொழிலையே விட்டு விலகியது. அதற்குச் சொன்ன காரணங்கள் சந்தைப் போட்டியும் அரசு விதிமுறைகளும்.

ஒரு கொக்கிக்கு இவ்வளவு வல்லமையா? நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுகள் சுழலும் நான்கு மோட்டார்கள் ட்ரோனின் உடலை ஓயாமல் அதிரவைக்கின்றன. பிடிமானம் கொஞ்சம் தளர்வாக இருந்தாலும், அந்த அதிர்வில் பேட்டரி மெல்ல நகரும். கண் இமைக்கும் நேரம் தொடர்பு அறுந்தால் போதும்: மோட்டார்களோடு, அவற்றை ஆட்டுவிக்கும் கணினியும் அணைந்துவிடும். இரண்டுக்கும் அதே பேட்டரிதான் சோறு போடுகிறது. தொடர்பு திரும்பக் கிடைத்தாலும் கணினி விழித்தெழச் சில நொடிகள் ஆகும். 30 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளோ, காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், சுமார் 2.5 நொடியில் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 87 கி.மீ.

விமானத்தின் எஞ்சின் நின்றால் இறக்கைகளின் தயவில் சறுக்கி இறங்கலாம். நான்கு மோட்டார் ட்ரோனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு மோட்டார் நின்றாலே சமநிலை குலைந்து கவிழும். சுவிட்சர்லாந்தின் ஈடிஹெச் சூரிச் பல்கலைக்கழகத்தில் மார்க் முல்லரும் ரஃபேலோ டி ஆண்ட்ரியாவும் 2013-இல் இதற்கொரு மாற்றைக் காட்டினார்கள். ஒரு மோட்டார் போனதும், ட்ரோனைத் தன்னைத்தானே பம்பரமாகச் சுற்றவிட்டு, மிச்சமுள்ள மோட்டார்களைக் கொண்டு கட்டுப்பாட்டோடு இறக்கும் உத்தி அது. அழகான கணிதம். பேட்டரியே கழன்றுகொண்டால் அதுவும் உதவாது.

மின்னணுச் சாதனங்கள் பழுதாவது முதுமையில் மட்டும் அல்ல, பிறந்த சில நாட்களிலும்தான். சரியாக உருகிப் பிடிக்காத சால்டரிங், முழுதாகச் செருகாத கனெக்டர், அச்சு விலகிய பேரிங் எல்லாம் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே வெளிப்பட்டுவிடும். அந்தக் கட்டத்தைத் தாண்டிய சாதனம் நெடுநாள் உழைக்கும். இது நாமே கோக்கும் ட்ரோனுக்கும் பொருந்தும். இந்தியாவில் 2022 பிப்ரவரி முதல் முழு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு, உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. பாகங்களை வாங்கிக் கோத்துப் பறக்கவிடுகிறவர்கள் தங்கள் கைச் சால்டரிங்கையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது நல்லது.

புது ட்ரோன் எழும்பிய உடனே குப்புறக் கவிழ்ந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது பழுதே அல்ல. இடம் மாறிப்போன புரொப்பல்லர். இரண்டு மோட்டார்கள் வலமாகவும் இரண்டு இடமாகவும் சுற்றுவதால், புரொப்பல்லரிலும் இரண்டு வகை. வட்டமடித்துக்கொண்டே நழுவிப்போனால், மொட்டைமாடி கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி திசைகாட்டியைக் குழப்பியிருக்கலாம். திறந்த மைதானத்துக்குப் போய் மறுபடி பார்க்க வேண்டும். ஒரு மோட்டார் சுற்றாமல் துடித்துக்கொண்டே இருக்கிறதா? அது நிஜமான வன்பொருள் கோளாறு. மோட்டாருக்கு வரும் மூன்று கம்பிகளில் ஒன்றில் தொடர்பு விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

குற்றம் மோட்டாரிலா, அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையிலா? நீங்களே கோத்த ட்ரோன் என்றால், புரொப்பல்லர்களைக் கழற்றிவிட்டு, பழுதான மோட்டாரைக் குறுக்கே எதிர்முனையில் இருக்கும் மோட்டாரோடு இடம் மாற்றிப் பாருங்கள். குறுக்கு முனைகளில் இருப்பவை ஒரே திசையில் சுற்றுபவை. துடிப்பு மோட்டாரோடு இடம்பெயர்ந்தால் கோளாறு மோட்டாரில். பழைய முனையிலேயே தங்கினால் பலகையிலோ இணைப்பிலோ.

நிறுவனம் கோத்து விற்ற ட்ரோனில் இந்த வேலை வேண்டாம். திருப்புளி பட்ட இடத்தைக் காட்டி வாரண்டியை மறுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக, புல்தரைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் சில நிமிடம் அசையாமல் நிறுத்தி, இறக்கி, நான்கு மோட்டார்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே சிக்கல். செயலியில் பேட்டரி செல்களின் மின்னழுத்தம் தெரிந்தால் அதையும் கவனியுங்கள். முழுதாக சார்ஜ் ஏறிய லித்தியம் பாலிமர் செல் வழக்கமாக 4.2 வோல்ட் காட்டும். பறக்கும்போது ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட வேகமாகச் சரிந்தால் அந்தப் பேட்டரியோடு மேலே போகக் கூடாது. பல ட்ரோன்கள் பறத்தலின் பதிவுகளையும் சேமித்துவைக்கின்றன. காற்றில்லாத நேரத்தில் நின்றபடி பறக்கும்போது ஒரு மோட்டாரிடம் மட்டும் கணினி விடாமல் அதிக வேகம் கேட்டிருந்தால், அந்த முனையின் உந்துவிசை குறைவு என்று பொருள். அந்தப் பதிவை நகலெடுத்து, ட்ரோனைப் பிரிக்காமல் அப்படியே சர்வீஸ் சென்டருக்கு அனுப்பலாம்.