உடைவதற்கென்றே ஒரு பொம்மை

கிளிக்குப் பொம்மை வாங்கப் போகிறவர் பெரும்பாலும் கெட்டியானதாகப் பார்த்துத்தான் எடுக்கிறார். காசு கொடுத்து வாங்கியது நாலு நாளாவது தாங்க வேண்டாமா என்ற நினைப்பு இயல்பானதே. ஆனால் கிளிக்குத் தாங்குகிற பொம்மையால் பயனில்லை. கடித்து, கிழித்து, தூளாக்க முடிகிற பொருளில்தான் அதற்கு வேலை இருக்கிறது. அப்படியானால் பாதுகாப்பைப் பற்றிய கேள்வியையும் நாம் இடம் மாற்றிக் கேட்க வேண்டும். முழுசாக இருக்கும்போது ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்பது கடையிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். சிதைந்த பிறகு அது என்னவாகிறது என்பதைத்தான் யோசித்து வாங்க வேண்டியிருக்கிறது. கூண்டுக்குள் தொங்கும் பொம்மையோடு, கூண்டைச் சுற்றியுள்ள வீட்டுச் சாமான்களுக்கும் இந்த ஒரே அளவுகோல் போதும் என்பது என் கட்சி.

கிளியின் அலகைப் பார்த்தால் இது விளங்கும். மேல் அலகு மண்டையோட்டுடன் சேருமிடத்தில் மூட்டு இருப்பதால் கீழ் அலகைப் போலவே அதுவும் தனியாக அசையும். எலும்பின் மேல் போர்த்திய கெரட்டின் உறை ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்துத் தேய்ந்தால்தான் அளவாக நிற்கும். அலகு நுனியிலோ தொடு உணர்வு முனைகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ஆகவே புதுப் பொருள் எதையும் கிளி அறிந்துகொள்வது அலகால் கவ்வி, நாக்கால் உருட்டி, கடித்துப் பார்த்துத்தான். போதாக்குறைக்கு அதே அலகு காலின் வேலையையும் செய்கிறது. செங்குத்தாக ஏறும்போது லவ் பேர்ட் வகைக் கிளி தலையைக் கொண்டு உடம்பை மேலே உந்துகிறது என்பதையும், அந்த விசை கால்கள் தரும் விசைக்கு ஈடானது என்பதையும் 2022இல் நியூயார்க்கில் அளந்து காட்டினார்கள். (நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் பட்ஜெரிகர்கள், ஆய்வில் ஏறியது ஆப்பிரிக்காவின் அசல் லவ் பேர்ட்.) வாய், கை, கால் மூன்றும் ஒன்றாக இருக்கும் உயிரிடம் ‘கடிக்காதே’ என்று பழக்குவதில் அர்த்தமில்லை.

‘கடித்தால் ஆபத்து என்றால் பொம்மையே வேண்டாமே, வெறுங்கூண்டுதான் பத்திரம்’ என்று ஒருவர் சொல்லலாம். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்துக்கு எதிரான சான்று வலுவானது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மீகன், மில்லம், மென்ச் ஆகியோர் ஆரஞ்சு இறக்கை அமேசான் கிளிகளின் இளம் பறவைகளை இரண்டு பிரிவாக்கி 48 வாரம் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தேடியும் பிரித்தும் எடுத்துத் தின்னும்படி இரையும், ஏறி விளையாடப் பொருள்களும் கிடைத்தன. மற்றதற்கு வழக்கமான வெறுங்கூண்டு. வெறுங்கூண்டுப் பறவைகள் தம் இறகைத் தாமே பிடுங்கிக்கொள்ளத் தொடங்கின. அவற்றுக்கும் அதே வசதிகளைச் செய்துகொடுத்தபோது இறகின் நிலை தேறியது. 2003இல் வெளிவந்த இந்த முடிவின்படி, உடைக்க எதுவும் கிடைக்காத கிளி தன்னையே உடைத்துக்கொள்கிறது. அப்படி இறகு பிடுங்கும் பழக்கம் வேரூன்றிவிட்டால் பின்னால் அதை மாற்றுவது கடினம். எனவே வெறுங்கூண்டைப் பத்திரமான தேர்வு என்று சொல்ல முடியாது. அதன் ஆபத்து மெதுவாகத் தெரியவரும், அவ்வளவுதான்.

இன்னொரு நம்பிக்கை, கைக்குழந்தைக்குக் கொடுக்கக்கூடியது கிளிக்கும் ஆகும் என்பது. இந்தியாவில் 2021 ஜனவரி முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயம். நல்ல சட்டம்தான். ஆனால் அந்தச் சோதனைகள் குழந்தையின் கைப்பலத்தையும் தொண்டை அளவையும் மனத்தில் வைத்து வகுத்தவை. கிலுகிலுப்பை பாதுகாப்பானது என்பதன் பொருள், குழந்தை அதை உடைத்து உள்ளிருக்கும் மணியை எடுக்க முடியாது என்பதுதான். சாம்பல் கிளிக்கு அது ஒரு மாலை நேர வேலை. நச்சு அளவிலும் இதே கதை. பட்ஜெரிகரின் எடை 30 முதல் 40 கிராம். வளர்ந்த மனிதர் அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். நமக்கு ஒன்றுமே செய்யாத உலோகத் துணுக்கு அந்த உடம்பில் எத்தனை பெரிய பங்கு என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உலோகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கூண்டுப் பறவைகளைக் கொல்வதில் அது முக்கியமானது. கண்ணுக்கு அப்பாவியாகவும் தெரியும். துருப்பிடிக்காமல் இருக்க இரும்பின் மேல் துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பிதான் மலிவான கூண்டுகளுக்கும் பொம்மையின் கொக்கிகளுக்கும் பயன்படுகிறது. பூச்சு சீராக இல்லாத இடங்களில் சிறு திரட்டுகள் நிற்கும். அலகு முதலில் போவது அங்கேதான். விழுங்கிய துணுக்கு உணவோடு உணவாக வெளியே போய்விடாது. பல் இல்லாத பறவைக்கு அரைக்கிற வேலையைச் செய்யும் தசைப்பையான அரைவைப்பையில் அது நாள்கணக்கில் தங்கும். அமிலமும் அரைப்பும் சேர்ந்து கரைக்கக் கரைய, துத்தநாகம் ரத்தத்தில் ஏறி கணையத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். புதுக் கூண்டில் விட்ட பறவைகள் நோயுற்றதால் மருத்துவர்கள் ஆங்கிலத்தில் இதற்குப் ‘புதுக்கம்பி நோய்’ என்றே பெயர் வைத்தார்கள். காரீயம் இன்னும் மோசம். வலிப்பு வரை கொண்டுபோகும். பழைய பெயின்ட், திரைச்சீலையின் அடியில் தைக்கும் ஈயக்குண்டு, தூண்டில் குண்டு, ஈயப் பற்று வைத்த ஒட்டு ஆகியவை அது ஒளிந்திருக்கும் இடங்கள். வினிகர் ஊற்றித் தேய்த்துக் கழுவினால் ஜிஐ கூண்டு சரியாகிவிடும் என்று சொல்வார்கள். உதிரத் தயாராக இருக்கும் துணுக்குகள் அதில் போகும். பூச்சு அப்படியேதான் இருக்கும். கொக்கி, சங்கிலி, கிண்ணம் எல்லாம் எவர்சில்வராக இருப்பதே மேல். காந்தம் ஒட்டினால் வேண்டாம் என்பது ஓரளவுக்குப் பயன்படும் சோதனை. எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டும் வகை உண்டு என்பதால் நல்லதையும் சில சமயம் தள்ளிவிடுவோம். அதில் நஷ்டம் குறைவு. ஆனால் ஈயத்திலும் பித்தளையிலும் காந்தம் ஒட்டாது, ஆகவே ஒட்டாததை எல்லாம் நம்பிவிடவும் முடியாது.

சலங்கை மணியைக் கூண்டில் கட்டித் தொங்கவிடுவது பலருக்கும் பிடித்த அலங்காரம். பித்தளையிலும் துத்தநாகம் கலந்திருக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, அதன் வடிவமே பொல்லாதது. கீறல் போன்ற அந்தப் பிளவில் விரலோ அலகு நுனியோ நுழைந்தால் குறுகும் பக்கமாகச் சிக்கிக்கொள்ளும். பயந்து இழுக்கிற பறவை எலும்பை முறித்துக்கொள்ளும். சாவி வளையத்திலும் அதே ஆபத்து. மணி வேண்டுமென்றால் கோயில் மணி வடிவில், நாக்கு பிடுங்க வராதபடி இறுக்கியது இருக்கலாம். பருத்திக் கயிறு புதிதாக இருக்கும்வரை சாது. நார் பிரிந்த பிறகு விரலைச் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்தும், அல்லது விழுங்கிய இழைகள் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் உருண்டையாகத் திரண்டு அடைக்கும். நைலான் இழை அதைவிடக் கெட்டது. கயிறே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் பிசிறு தெரிந்த அன்றே கத்தரிக்கோல் எடுக்கத் தயாராக இல்லாத வீட்டுக்குக் கயிறு வேண்டாம்.

அலகும் வயிறும் தவிரப் பொருளைச் சிதைக்கும் மூன்றாவது ஒன்று வீட்டில் இருக்கிறது. அது அடுப்பு. நான்-ஸ்டிக் பாத்திரத்தின் பூச்சான பிடிஎஃப்இ சாதாரண வெப்பத்தில் எதனோடும் வினைபுரியாத சாதுவான பொருள். 280 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தைத் தாண்டினால் சிதைந்து நச்சு வாயுக்களையும் நுண்துகள்களையும் விடும். பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போல ஊதிச் சுருங்குவதில்லை. காற்றுப்பைகள் துருத்தியாக இயங்கி, உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் காற்றை ஒரே திசையில் நுரையீரல் வழியே ஓட்டுகின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையிலுள்ள சவ்வும் மிக மெல்லியது. பறப்பதற்கு ஏற்ற இந்த அமைப்பு நஞ்சையும் அதே திறமையோடு உள்ளே வாங்கும். பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை விஷவாயுவைக் கண்டறிய கேனரிப் பறவைகளை வைத்திருந்ததும் இதனால்தான். தோசை சுடும் சூடு அவ்வளவுக்குப் போகாதே என்றால், உண்மைதான், மாவு ஊற்றிக்கொண்டிருக்கும்வரை போகாது. ஆனால் வெறும் தவாவை முழுத் தீயில் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தால் சில நிமிடங்களில் அங்கே போய்விடும். அடுத்த அறையில் இருக்கும் பறவைகூட அதற்குள் செத்துவிழலாம். ஒருபோதும் மறக்கமாட்டோம் என்பதை நம்பிப் பறவை வளர்ப்பதைவிட இரும்பு தோசைக்கல்லுக்குத் திரும்புவது எளிது. கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை, பாச்சை உருண்டை, அறை நறுமணத் தெளிப்பான் எல்லாம் இதே கணக்கில் வருபவை.

‘எங்கள் தாத்தா வீட்டில் தகரக் கூண்டில் கிளி இருபது வருஷம் இருந்தது, இதெல்லாம் யார் பார்த்தார்கள்’ என்பது இந்தப் பேச்சில் தவறாமல் எழும் மறுப்பு. இருபது வருஷம் இருந்த கிளியைத்தான் குடும்பம் நினைவில் வைத்திருக்கும். ஆறாம் மாதம் செத்தவற்றை யாரும் எண்ணி வைப்பதில்லை. அந்தத் தலைமுறையின் அடுப்படியில் நான்-ஸ்டிக்கும் இல்லை. தவிர, அன்று கூண்டில் இருந்த நம் பச்சைக்கிளியை இன்று வீட்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே சட்டப்படி வளர்க்கக்கூடியவை காக்கடீல், பட்ஜெரிகர், கான்யூர் போன்ற வெளிநாட்டு இனங்களே. அவற்றிலும் பலவற்றுக்கு இப்போது பதிவு தேவை.

செலவைப் பற்றிய புகாருக்கு மட்டும் நல்ல பதில் கைவசம் இருக்கிறது. ஒரே நாளில் தூளாகும் பொருளைக் கடையில் வாங்குவானேன்? தேங்காய்ச் சிரட்டை, சாயம் போடாத பனையோலைக் கொட்டான், சோளக்கதிரின் மேலுறை, பின்னும் பசை நாடாவும் நீக்கிய அட்டைப்பெட்டி ஆகியவற்றில் தானியத்தை மடித்து ஒளித்து வைத்தால் பொம்மையும் இரைதேடலும் ஒன்றாகிவிடும். உட்காரும் கிளைக்கு மருந்து அடிக்காத வேம்பும் கொய்யாவும் ஆகும். வேலியோரம் எளிதாகக் கிடைக்கிறதே என்று அரளியையோ எருக்கையோ ஒடித்து வந்துவிடக் கூடாது. இரண்டிலும் இதயத்தை நிறுத்தும் நஞ்சு இருக்கிறது. மரச்சாமான் கடையின் மிச்சத் துண்டுகளில் பூச்சி மருந்து ஏற்றியதும் பாலிஷ் போட்டதும் கலந்திருக்கும் என்பதால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத மரத்தை விட்டுவிடலாம்.

எல்லாம் பார்த்து வாங்கிய பிறகும் கிளி இறகைச் சிலிர்த்துக்கொண்டு சோர்ந்து உட்கார்ந்தாலோ, தின்றதைக் கக்கினாலோ, எச்சம் தண்ணீராகவோ ரத்தம் கலந்தோ போனாலோ, விடியட்டும் என்று காத்திருப்பது தவறு. நோயை மறைப்பது பறவைகளின் இயல்பு; நமக்குத் தெரியும்போது நிலைமை முற்றியிருக்கும். உலோகத் துணுக்கு பெரும்பாலும் எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்துவிடும், ரத்தத்தில் ஏறிய உலோகத்தைப் பிணைத்து வெளியேற்ற மருந்தும் உண்டு. எந்த உலோகம் என்பது எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் மருத்துவரிடம் போகும்போது கூண்டில் மிச்சமிருக்கும் பொம்மைத் துண்டுகளையும் கொக்கியையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.