தார்ப்பாய்க் கயிற்றில் சிக்கல் வேண்டாம்!

கோடை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. களத்தில் மக்காச்சோளமோ கொப்பரையோ காயும்போது வானம் கருத்தால், மூடக் கால் மணி நேரம்கூடக் கிடைக்காது. தார்ப்பாய் இருந்தும், கயிறுகள் பின்னிக்கிடந்தால் பலனில்லை.

நனைந்த மக்காச்சோளத்தில் பூசணம் பிடித்தால் அஃப்லாடாக்சின் நச்சு உண்டாகும். மறுபடி காயவைத்தாலும் அது போகாது. கோழித்தீவன ஆலைகள் அந்தச் சரக்கை ஒதுக்கிவிடும். 12 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்த பாடு வீணாகும்.

கட்டும் முறை: ஓர வளையம் ஒவ்வொன்றிலும் 6 அடி நைலான் கயிற்றைக் கட்டி, அவிழ்க்காமல் விட்டுவிடுங்கள். நான்கு மூலைகளுக்கும் 10 அடியில் வேறு நிறக் கயிறு போட்டால், அவசரத்திலும் மூலை தெரியும். நுனியைத் தீயில் காட்டி உருக்கிவிட்டால் புரி பிரியாது.

சுருட்டும் முறை: வட்டமாகச் சுற்றினால் முறுக்கேறிச் சிக்கிக்கொள்ளும். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே 8 வடிவில் சுற்றுங்கள். மீதி ஒரு முழத்தை நடுவில் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை மடித்துச் செருகுங்கள். நுனியை இழுத்தால் முழுக்கயிறும் பிரியும்.

பாதுகாப்பு: ஈரத்தோடு மடிக்காதீர்கள். மூலைக் கயிறுகள் வெளியே தெரியும்படி மடித்து, எலி எட்டாதபடி சாளையில் உயரத்தில் வையுங்கள். தேங்காய் நார்க்கயிறு ஈரத்தில் மக்கும்; நைலான் வெயிலில் இற்றுப்போகும். ஆண்டுக்கொரு முறை இழுத்துப் பார்த்து மாற்றுங்கள்.

மழை விட்டதும் தார்ப்பாயைத் திறந்துவிடுங்கள். இல்லையேல் உள்ளே வியர்த்துத் தானியம் நனையும்.

மானியத் தார்ப்பாய் இருப்பு உண்டா என்று உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரியுங்கள்.