எலும்பில் ஊன்றும் பல்வேர்

பல் போனால் சொல் போச்சு என்பது நம் முன்னோர் வாக்கு. சொல் மட்டுமன்று, சோற்றின் சுவையும் உடன் போய்விடுகிறது. அவ்விழப்பை ஈடுசெய்யத் தாடை எலும்பில் உலோக வேர் ஒன்றைப் பதித்து, அதன்மேல் பல்லை அமைக்கும் முறையை 'இம்பிளாண்ட்' என வழங்குகின்றனர். பெங்களூரில் உழைத்து வாழும் நம்மவர் இதனைச் செய்துகொள்ள முற்படும்போது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "விடுமுறையில் ஊருக்குப் புறப்படுமுன் பல் பொருத்தி முடிந்துவிடுமா?" அதற்கு விடை மருத்துவரின் கைத்திறனில் மட்டும் இல்லை, வேரின் வடிவிலும், அது ஊன்றும் எலும்பின் இயல்பிலும் இருக்கிறது.

இவ்வேர் பெரும்பாலும் டைட்டேனியம் எனும் உலோகத்தாலானது. அதன் தாதுக்களுள் ஒன்றாகிய இல்மனைட், நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலே கலந்து கிடைக்கிறது. விமானத் தொழில் வளர்ந்த பெங்களூருக்கோ இவ்வுலோகம் புதியதன்று. இலேசானது, உறுதியானது, துருப்பிடியாதது. எலும்போடு இது கொள்ளும் உறவு 1952-ஆம் ஆண்டில் தற்செயலாகப் புலப்பட்டது. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பெர் இங்வார் பிரோனமார்க், முயலின் எலும்பில் இரத்த ஓட்டத்தை ஆராய டைட்டேனியக் கருவியொன்றைப் பொருத்தினார். பின்னர் அதனைக் கழற்ற முயன்றபோது, எலும்பு உலோகத்தோடு ஒன்றிவிட்டிருக்கக் கண்டார். 1965-இல் மனிதத் தாடையில் அத்தகைய வேர்களைப் பதித்தார். அம்முதல் நோயாளி 2006-இல் காலமாகும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவை பயன்பட்டன.

வேரின் உறுதி இருவகைப்படும். திருகாணி போல் மரைகள் எலும்பைக் கவ்வுவதால் உண்டாவது முதல்வகை. அது பதித்த அன்றே கிடைக்கும். புதிய எலும்பு வளர்ந்து வேரை அணைத்துக்கொள்வதால் உண்டாவது இரண்டாம் வகை. அது மெல்ல வருவது. ஏறத்தாழ மூன்று, நான்கு வாரங்களில் முதற்பிடி தளர்கிறது. திருகும்போது நசுங்கிய எலும்பை உடல் அகற்றுகிறது. புதிய எலும்போ இன்னும் முற்றவில்லை. இவ்விடைக்காலமே வேருக்குக் கண்டம். அப்போது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அது திரும்பத் திரும்ப அசைந்தாலும், எலும்புக்குப் பதில் நார்த்திசு சூழ்ந்து, வேர் நிலைகொள்ளாது போகலாம்.

ஆதலின் வடிவமைப்பு இருவகை உறுதிக்கும் துணைசெய்ய வேண்டும். தேக்குக்கு ஒரு திருகாணியும் மென்மரத்திற்கு வேறொன்றும் தச்சர் தேர்ந்தெடுப்பதில்லையா? கீழ்த்தாடையின் முன்புற எலும்பு தேக்கை ஒத்தது. மேல்தாடையின் பின்புறமோ பஞ்சு போன்றது. மெல்லெலும்பில், நுனி குறுகிய வடிவும் ஆழ்ந்த மரைகளும் கொண்ட வேரைத் தேர்ந்து, துளையையும் சற்றுச் சிறிதாகவே இடுவர். கெட்டி எலும்பில் அவ்வாறு இறுக்கினால் எலும்பு நசுங்கும். துளையிடும் வெப்பமும் பகையே. 47 டிகிரி செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு கெடக்கூடும். எனவே உப்புநீர் பாய்ச்சிக் குளிர்வித்தே துளையிடுவர்.

எலும்பு அழுத்தத்தை நன்கு தாங்கும். அறுத்து நழுவச்செய்யும் விசைக்கு எளிதில் இடங்கொடுக்கும். ஆகவே மெல்லும் விசையை அழுத்தமாக மாற்றும் சதுர மரைகள் சில வேர்களில் அமைக்கப்படுகின்றன. பளு மிகுதியாக விழுவது வேரின் கழுத்துப் பகுதியில். அதனைக் குறைப்பதில், நீளத்தைக் கூட்டுவதைக் காட்டிலும் பருமனைக் கூட்டுவது பெரிதும் உதவும். ஆயினும் தாடையின் அகலம் அதற்கு எல்லை வகுக்கிறது. முற்கால வேர்களின் மேற்பரப்பு வழுவழுப்பானது. பின்னர், துகள்களை வீசியும் அமிலத்தில் தோய்த்தும் அதனைச் சொரசொரப்பாக்கினர். புதிய எலும்பு விரைந்து பற்றலாயிற்று.

பிரோனமார்க் தொடக்கத்தில் கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருக்கச் செய்தார். இக்காலம் இன்று பலருக்குக் குறைந்துள்ளது; முதற்பிடி மிக வலுவாயின் தற்காலிகப் பல்லை உடனே பொருத்துவதும் உண்டு. ஆனால் அது எல்லார்க்கும் பொருந்தும் விதியன்று. 1958-இல் தொடங்கிய பெங்களூர் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியிலாயினும், தனியார் மருத்துவமனையிலாயினும் நாம் கேட்கவேண்டியவை மூன்று: என் எலும்பு எத்தகையது? முதற்பிடியை அளந்து பார்த்தீர்களா? எத்தனை வாரம் அதன்மேல் மெல்லாதிருக்க வேண்டும்? புகைப்பழக்கமும் கட்டுக்கடங்காத நீரிழிவும் இருப்பின் மறையாது சொல்லிவிடுவதும் கடமை.

தைப்பொங்கலை ஒட்டி வேர் பதித்துக்கொண்டவர் சித்திரைப் புத்தாண்டில் பல் பொருத்திக்கொள்ளத் திட்டமிடுவாராயின், அக்காத்திருப்பு வீணன்று. பசுமரத்தில் அறைந்த ஆணியை இங்கு எண்ணிப் பார்க்கலாம். ஆணியை அறைவது ஒரு கணம். அதனைச் சுற்றி மரம் வளர்ந்து மூடுவது பல நாள். உயிருள்ள எலும்புக்கும் அந்நாள்களை நாம் அளித்தாக வேண்டும்.