அரசு வழக்கறிஞரும் ஆளில்லா நாற்காலியும்

ஏழை ஒருவர் வீட்டில் திருட்டு நேர்ந்துவிடுகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவன் வசதி உள்ளவனாயின் தேர்ந்த வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வான். பொருளைப் பறிகொடுத்த ஏழைக்காக நீதிமன்றத்தில் வாதாடுபவர் யார்? அரசின் சார்பில் வழக்கை நடத்தும் வழக்கறிஞரே. ஆயினும், எவ்வாறேனும் தண்டனை வாங்கித் தருவது அவர் கடமையன்று. குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குச் சாதகமான உண்மையையும் மறைக்காது நீதிபதியின் முன் வைப்பதே அவர் கடமை.

1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில், கீழ் நீதிமன்றங்கள் பலவற்றில் காவல்துறையினரே வழக்கை நடத்தி வந்தனர். புலனாய்ந்தவரே வாதாடவும் செய்தால், தம் வழக்கின் குறை தமக்கே புலப்படுமோ? இவ்விரு பணிகளையும் பிரித்தல் வேண்டுமென 1958இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் அந்நெறியையே பின்பற்றுகிறது.

தகுதியிலும் இச்சட்டம் கண்டிப்பு உடையது. அரசு வழக்கறிஞராவதற்கு 7 ஆண்டுகளும், தனி வழக்கு ஒன்றுக்கெனச் சிறப்பு அரசு வழக்கறிஞராவதற்கு 10 ஆண்டுகளும் வழக்கறிஞர் தொழில் புரிந்திருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில், குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களுக்கான உதவி வழக்கு நடத்துநர்களை அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கிறது. அவர்கள் மாத ஊதியம் பெறும் அரசு ஊழியர்கள்.

இனி, நேயர்களே, சட்டத்தில் உள்ள சிறு வாயில் ஒன்றைக் காண்போம். ஒரு வழக்கை நடத்த உதவி அரசு வழக்கறிஞர் எவரும் கிடைக்காதபோது, மாவட்ட நடுவர், மாநில அரசுக்கு 14 நாள் முன்னறிவிப்புத் தந்து, வேறொருவரை நியமிக்கலாம். அவ்வழக்கின் புலனாய்வில் பங்கு கொள்ளாத, ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியும் அவ்வாறு நியமிக்கப்படலாம். ஆகவே, நிரப்பப்படாத பணியிடம் வெறும் நிருவாகக் குறையன்று. முன்வாயிலால் வெளியேறிய பழைய முறை பின்வாயிலால் உள்ளே வர அது இடந்தருகிறது.

ஊதியமும் இதனோடு ஒட்டியதே. தனித்தொழிலில் மிகுந்த வருவாய் காணும் அனுபவசாலி, குறைந்த ஊதியத்துக்கு எளிதில் வாரார், வந்தாலும் நிலைத்திரார். ஒருவரே பல நீதிமன்றங்களுக்கு ஓடுவாராயின், வழக்குக் கட்டைப் படிக்கவும் சாட்சியைக் கேட்டறியவும் அவருக்குப் பொழுது ஏது?

தகுதியைச் சட்டம் வகுத்துவிட்டது. தக்க ஊதியம் தந்து, நாற்காலிகளை நிரப்ப வேண்டியது அரசின் பொறுப்பு. அந்த நாற்காலி காலியாக இருக்கும் நாளில், நீதிமன்றத்தில் குரலற்று நிற்பவர் பொருளைப் பறிகொடுத்த அந்த ஏழையே அன்றோ?