ஷிப்ட் ஊரில் பத்தாம் வகுப்பு

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் முகவரியே ஓசூர் ரோடுதான். ஓசூரில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் பொறுமை இழக்காமல் இருந்தால், இந்தியப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஆராயும் ஒரு பெரிய திட்டத்தின் வாசலிலேயே இறங்கிவிடலாம். சி-வேதா என்பது அதன் பெயர். 6 முதல் 23 வயது வரை சுமார் 10,000 பேரைத் தொடர்ந்து கவனிப்பது அதன் நோக்கம். மைசூரு, ரிஷிவேலி, சண்டிகர், கொல்கத்தா, இம்பால் என்று பல ஊர்களில் மையங்கள். ஒரு பகுதியினருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் உண்டு. வளரிளம் பருவ மூளையைப் பற்றி உலகம் இதுவரை பேசியதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியப் பிள்ளைகளை வைத்துத்தான். ராகிக் களி சாப்பிட்டு, லைன் வீட்டில் வளர்ந்து, வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை.

ஆனாலும் அடிப்படைச் செய்தி எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. 1999-ல் ஜே கீட் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, வளரும் பிள்ளைகளை மீண்டும் மீண்டும் ஸ்கேன் செய்து பார்த்தது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் சாம்பல் நிறப் பொருள் பெண்களுக்கு 11 வயதிலும் ஆண்களுக்கு 12 வயதிலும் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறையத் தொடங்கியது. மூளை தேய்கிறதோ என்று பயப்பட வேண்டாம். பாகலூர், தளிப் பக்கம் ரோஜா வளர்ப்பவர்கள் கவாத்து செய்வதுபோல, பயன்படாத நரம்பு இணைப்புகள் கழிக்கப்படுகின்றன. புழங்குகிற இணைப்புகள் வேகம் பெறுகின்றன. 2004-ல் நிதின் கோக்டேயின் குழு 13 பிள்ளைகளை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து, இந்த வேலை எந்தப் பகுதியில் எப்போது நடக்கிறது என்று படமாகவே காட்டியது. பார்வை, அசைவு சார்ந்த பகுதிகள் முந்திக்கொள்கின்றன. திட்டமிடுவது, பொறுப்பது, ‘இப்போது வேண்டாம்’ என்று தன்னையே அடக்குவது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் முன்பகுதி கடைசிக்குத்தான் வருகிறது. (மூளை சரியாக 25 வயதில் முதிர்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பாதீர்கள். அப்படி ஒரு எல்லைக்கோடு கிடையாது.)

வகுப்பறைக்கு இதில் அவசரமாகத் தேவைப்படுவது தூக்கம் பற்றிய பாடம். பருவமடையும்போது, தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரக்கும் நேரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்கே சாய்ந்த பிள்ளைக்குப் பதினைந்து வயதில் பதினொரு மணிவரை கண் சொக்காது. செல்போன் அதைக் கெடுக்கிறது, உண்மைதான். ஆனால் உடல் கடிகாரம் செல்போனுக்கு முன்பிருந்தே அப்படித்தான். இந்த வயதுக்குத் தேவை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். பகலில் படித்தது மூளையில் உறைவதற்கு அந்தத் தூக்கம் வேண்டும்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லைன் வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒரே அறை. அப்பாவுக்கு இந்த வாரம் காலை ஷிப்ட். நாலரைக்கு அலாரம் அடிக்கிறது, லைட் எரிகிறது, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க அவர் ஓடுகிறார். அடுத்த வாரம் செகண்ட் ஷிப்ட். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. பத்தாவது படிக்கும் மகளின் தூக்கம் இரண்டு வாரமும் உடைகிறது. இத்தோடு பொதுத்தேர்வுக்காகக் காலைச் சிறப்பு வகுப்பு வேறு. முதல் பாடவேளையில் அவள் மேசையில் சாய்ந்தால், ‘அலட்சியம்’ என்று பெயர். ஷிப்ட் மாறிய வாரத்தில் உடம்பு என்ன பாடுபடும் என்று இந்த ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே அனுதாபம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-ல் உயர்நிலைப் பள்ளிகளைக் காலை 7.50-க்குப் பதில் 8.45-க்குத் தொடங்கினார்கள். கூடுதல் நேரத்தைப் பிள்ளைகள் விழித்தே கழிப்பார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. இரண்டு பள்ளிகளில் அளந்து பார்த்ததில் தூக்கம் சராசரியாக 34 நிமிடம் கூடியிருந்தது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படித்த பள்ளியில் வருகையும் மேம்பட்டது.

பள்ளிகளில் மாற வேண்டிய இன்னொரு வழக்கம், எட்டாவது தாண்டுவதற்குள் பிள்ளையை எடைபோட்டு முடித்துவிடுவது. ‘இவனுக்குக் கணக்கு வராது சார்’ என்ற தீர்ப்பு ஆசிரியர் அறையில் சர்வசாதாரணம். லண்டனில் சாரா-ஜேன் பிளேக்மோரின் குழு 2016-ல் 11 முதல் 33 வயது வரை 633 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வடிவங்களை வைத்துத் தர்க்கம் கண்டுபிடிக்கும் பயிற்சி கொடுத்தது. 11-13 வயதினரைவிட அதிகம் முன்னேறியவர்கள் 15-18 வயதினரும் பெரியவர்களும். அதாவது, பிளஸ் ஒன் படிக்கும் வயதில்தான் அந்தத் திறன் நன்றாகப் பிடிபடுகிறது. தமிழ் வீட்டுமொழியாக இல்லாததால் நடுநிலைப் பள்ளியில் தடுமாறிய கெலமங்கலத்துப் பிள்ளையை அதற்குள் கைவிட வேண்டியதில்லை.

தூக்கத்துக்காகக் காலைச் சிறப்பு வகுப்பை மாலைக்கு மாற்றிவிடலாமே என்று சொல்வது சுலபம். ஆனால் ராகி அறுவடைக் காலத்தில், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் யானைக்கூட்டம் இறங்கும் பாதையில், இருட்டிய பிறகு பெண்பிள்ளையை யார் அனுப்புவார்கள்? அதிகாலைப் பயணத்துக்கும் அதே பயம் உண்டு. அதனால் சிறப்பு வகுப்புக்கான நேரத்தைப் பள்ளி வேளைக்குள்ளேயே தேட வேண்டியிருக்கும். கணக்கு, இயற்பியலை முதல் வேளையிலிருந்து பதினொரு மணிக்கு நகர்த்தலாம். சிறப்பு வகுப்பில் விடைகளை மூன்றாம் முறை எழுத வைப்பதற்குப் பதில், புத்தகத்தை மூடி, பக்கத்துப் பிள்ளையிடம் கேள்வி கேட்க வைக்கலாம். 2008-ல் கார்ப்பிக், ரோடிகர் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனையில், சொற்களைத் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் சுமார் 80 சதவீதம் நினைவிருந்தது. வாசித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு அதில் பாதிகூட இல்லை. சகாக்களின் முன்னால் மூக்கறுபடக் கூடாது என்ற பதின்வயதுப் பதைப்பும் இங்கே ஆசிரியருக்கு உதவும், இருவர் இருவராக உட்கார வைத்தால்; நாற்பது பேர் பார்க்க எழுப்பி நிறுத்திக் கேட்டால் அதே பதைப்பு வாயை அடைத்துவிடும்.