சமவெளித் தோட்டத்தில் இறுகிய முட்டைக்கோஸ்

முட்டைக்கோஸை மலைக் காய் என்று கூறுவது நம் மக்களின் வழக்கம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைந்து, லாரிகளில் ஏறிச் சமவெளிச் சந்தைகளுக்கு இறங்கி வரும் காய் அது என்பதே பெரும்பாலோர் எண்ணம். சமவெளியில் இதைப் பயிரிட்டுப் பார்ப்போரில் பலர், இலைகள் விரிந்து பரந்தனவேயன்றி உருண்டை பிடிக்கவில்லை என்று கண்டு, "நம் மண்ணுக்கு இது ஆகாது" எனக் கைவிட்டு விடுகின்றனர். குறை மண்ணில் இல்லை. விதைத்த மாதத்திலும், மலையில் விளைவது போன்ற பெரிய காய் வேண்டும் என்ற ஆசையிலுமே குறை உள்ளது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர், சிறியதாயினும் கெட்டியான முட்டைக்கோஸை எவ்வாறு விளைவிக்கலாம் என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

உருண்டை உருவாகும் விதம்

நாம் உண்ணும் முட்டைக்கோஸ் ஒரு காயன்று. அது செடியின் நுனி மொட்டேயாகும். தண்டு நீளாமல் குறுகி நிற்க, புதிய இலைகள் ஒன்றன் உள் ஒன்றாகப் பிறந்து, வெளியே விரிய இடமின்றி உள்ளேயே நெருங்கி இறுகுகின்றன. இந்த உருண்டைக்கு உணவு சமைத்துக் கொடுப்பவை வெளியே விரிந்திருக்கும் பச்சை இலைகள். ஆகையால் முதல் மாதத்தில் வெளியிலைகள் நன்றாக வளர வேண்டும். அடுத்த மாதத்தில் உள்ளிலைகள் இறுக வேண்டும். இவ்விரண்டும் முறையே நடந்தால்தான் கோஸ் கெட்டியாகும்.

உள்ளிலைகள் இறுகுவதற்குக் குளிர்ச்சி அவசியம். 15 முதல் 20 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள வெப்பம் இதற்கு மிகவும் ஏற்றது. வெப்பம் 25 டிகிரியைத் தாண்டத் தாண்ட உருண்டை தளர்ந்து, கையால் அழுத்தினால் அமுங்கும் நிலையை அடைகிறது. ஐரோப்பியக் கடற்கரைகளில் தோன்றிய செடியாதலின் இக்குணம் அதன் பிறவியோடு வந்தது.

காலமே முதல் உரம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள நம் இரு வட்டாரங்களும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளன. மழை ஓய்ந்த பின் மார்கழியிலும் தையிலும் இரவுகள் குளிர்கின்றன. பகலில் வெயில் உண்டு. எனினும் அப்போது இரவு வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. மாசி பிறந்ததும் வெயில் ஏறத் தொடங்கிவிடும். ஆகவே இயற்கை நமக்கு அளிக்கும் தவணை இரண்டு மாதங்களே. அத்தவணைக்குள் உருண்டை பிடித்து முடிக்கும் செடியே நமக்குப் பயன்படும். சிறிய கோஸ் வேண்டும் என்று நாம் கூறுவதன் காரணம் இதுதான். பெரிய கோஸ் அதிக நாள் கேட்கும். அந்த நாட்கள் நம்மிடம் இல்லை.

இதை மனத்திற்கொண்டு, புரட்டாசியின் பிற்பாதியில், அதாவது அக்டோபர் தொடக்கத்தில், முதல் நாற்றை விடலாம். 25 முதல் 30 நாட்களில் நாற்று நடவுக்குத் தயாராகும். நட்டு 60 முதல் 70 நாட்களில் அறுக்கத்தக்க குறுகிய கால ரகமாயின் மார்கழியின் பிற்பாதியிலிருந்து கோஸ் கிடைக்கும். இரண்டு வார இடைவெளியில் மேலும் இரு முறை நாற்று விடலாம். ஐப்பசி கழிந்த பின் விதைப்பதைத் தவிர்க்க வேண்டும். அச்செடிகள் மாசி வெயிலில் அகப்பட்டுக் கொள்ளும்.

ரகமும் நாற்றும்

கோல்டன் ஏக்கர் என்பது பலகாலமாகப் பயிராகி வரும் குறுகிய கால ரகம். இதன் கோஸ் உருண்டையாகவும் சிறியதாகவும் இருக்கும். பூசா முக்தா என்ற ரகம் கருப்பழுகல் நோயைத் தாங்கும் தன்மையுடையது. வெப்பத்தைத் தாங்கும் வீரிய ஒட்டு ரகங்களும் இப்போது விற்பனைக்கு வருகின்றன. எந்த விதையை வாங்கினும் பொட்டலத்தின் மீது நாள் கணக்கையும், வெப்பத்திற்கு ஏற்றதா என்பதையும், காலாவதித் தேதியையும் படித்துப் பார்த்து வாங்குவது நன்று.

விதையை வீட்டிலேயே எடுத்துக் கொள்ளலாமா என்று சிலர் வினவக்கூடும். பெரும்பாலான ரகங்கள் நீண்ட கடுங்குளிரை அனுபவித்த பின்னரே பூக்கும். அதனால் நம் நாட்டில் இவற்றின் விதை இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கு போன்ற குளிர் இடங்களில் உற்பத்தியாகிறது. நம் ஊரில் ஆண்டுதோறும் விதை வாங்கியே ஆக வேண்டும்.

நாற்று விடும் காலம் மழைக் காலமாதலால், நாற்றங்காலை அரை அடி உயர்த்தி அமைப்பது அவசியம். தண்ணீர் தேங்கினால் நாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும். விதையை அரை அங்குல ஆழத்தில் வரிசையாக விதைத்து, மண்ணும் மக்கிய எருவும் கலந்த பொடியால் மூட வேண்டும். கனமழையிலிருந்து காக்கத் தென்னங்கீற்றுப் பந்தல் போதும். முளைத்த பின் வெயில் படும்படி கீற்றை விலக்கிவிட வேண்டும். நிழலிலேயே வளரும் நாற்று நீண்டு மெலியும்.

பாத்தி, இடைவெளி, எரு

4 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள ஒரு மேட்டுப்பாத்தியை ஒரு குடும்பத்திற்குரிய அளவாகக் கொள்வோம். வரிசைக்கு வரிசை 16 அங்குலமும், செடிக்குச் செடி 12 அங்குலமும் விட்டால் மூன்று வரிசைகளில் 60 செடிகள் அமையும். இடைவெளியை மிகுத்தால் கோஸ் பெருக்கும், குறைத்தால் சிறுக்கும். நாம் கூறிய இடைவெளியில் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரையுள்ள கோஸை எதிர்பார்க்கலாம். ஒரு குடும்பம் ஒரே வேளையில் பொரியலாகவோ கூட்டாகவோ சமைத்து முடிக்க இதுவே ஏற்ற அளவு. அறுத்த பாதியை வாட விட்டு வீணாக்க வேண்டியதில்லை. 60 செடிகளையும் ஒரே நாளில் நடாமல், தவணைக்கு 20 செடிகளாக மூன்று தவணைகளில் நட்டால், ஒன்றரை மாதத்திற்கு வீட்டில் கோஸ் இருந்து கொண்டே இருக்கும்.

மலையடிவாரத்துச் செம்மண்ணிலும் கிழக்கேயுள்ள கரிசலிலும் இது வளரும். கரிசலில் வடிகால் மட்டும் செம்மையாக இருக்க வேண்டும். சமவெளிக்கு எக்டேருக்கு 20 டன் தொழு உரம் என்பது பரிந்துரை. அக்கணக்கில் நம் பாத்திக்கு 15 கிலோ மக்கிய எரு போதும். பால்கோவாவால் பெயர் பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் கறவை மாடுகளுக்குக் குறைவில்லை. ஆகவே எருவுக்கும் குறைவில்லை. பச்சைச் சாணத்தை இடாமல் குழியில் மக்க வைத்து இடுவதே முறை.

தழைச்சத்தை இரு பங்காக்கி, ஒரு பங்கை நடும்போதும் மறு பங்கை ஒரு மாதம் கழித்தும் இட வேண்டும். யூரியா இடுவோர் ஒவ்வொரு முறையும் 80 கிராமுக்கு மேல் இடலாகாது. உருண்டை இறுகும் காலத்தில் தழைச்சத்து மிகுந்தால் இலை தளர்ந்து உப்பும். கோஸ் வெடிக்கவும் செய்யும். மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் மண் பரிசோதனையின் முடிவைக் கண்டு இடுவதே சிக்கனம்.

நீரும் களையும்

முட்டைக்கோஸின் வேர் மேலோடியது. ஆழமாகக் கொத்தினால் வேர் அறுபடும். மேலாகக் களை எடுத்து, ஒரு மாதம் ஆனதும் அடித்தண்டுக்கு மண் அணைத்தால் போதும். பல நாள் காயவிட்டுப் பின் வெள்ளமாகப் பாய்ச்சுவது பெருந்தவறு. உள்ளிலைகள் திடீரெனப் பருத்து, கோஸ் வெடிக்க அதுவே காரணம். ஈரம் ஒரே சீராக இருக்குமாறு சிறுகச் சிறுகப் பாய்ச்ச வேண்டும். செடிகளைச் சுற்றிக் காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் நிலைக்கும்; மண்ணும் குளிர்ந்திருக்கும். கீரைக்கென்று வெளியிலைகளைப் பறித்தல் கூடாது. உருண்டைக்குச் சோறூட்டும் கையை நாமே வெட்டுவது போன்றது அது.

புழுவை வெல்லும் வழி

இப்பயிரின் முதற்பகை வைரமுதுகு அந்துப்பூச்சி. இதன் பச்சைநிறச் சிறு புழு இலையின் அடியில் அமர்ந்து சுரண்டித் தின்னும். உருண்டைக்குள் புகுந்துவிட்டால் எம்மருந்தும் அதை எளிதில் எட்டாது. மருந்துகளைப் பழகிக் கொள்வதில் இப்பூச்சி உலகறிந்தது. டி.டி.டி. மருந்துக்கு இது சாகவில்லை என்பது 1950-களின் தொடக்கத்திலேயே இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் கண்டறியப்பட்டது. அதன் பின் வந்த பல மருந்துகளையும் அது வென்றுவிட்டது. ஆகவே மேலும் மேலும் மருந்து தெளிப்பதால் செலவு கூடுமேயன்றிப் பூச்சி ஒழியாது. நம் குழந்தைகள் உண்ணும் இலையில் நஞ்சு தங்குவதே மிச்சம்.

வீட்டுத் தோட்டத்திற்கு எளிய வழிகள் உள்ளன. நாற்று நடுவதற்கு 15 நாட்களுக்கு முன் பாத்தியின் இரு ஓரங்களிலும் கடுகை விதைக்க வேண்டும். அந்துப்பூச்சி கோஸைக் காட்டிலும் கடுகை நாடி முட்டையிடும். 25 நாட்கள் சென்றபின் இன்னொரு முறை கடுகு விதைத்தால் கவர்ச்சி குன்றாது. கடுகில் சேரும் புழுக்களை அங்கேயே அழித்துவிட வேண்டும். அடுத்து, வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுதும் நீரில் ஊற வைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மாலை வேளையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். யாவற்றினும் சிறந்தது கண்காணிப்பு. 60 செடிகளின் இலைகளைத் திருப்பிப் பார்த்துப் புழுவைப் பொறுக்க நாள்தோறும் கால் மணி நேரம் போதும். பெரும்பண்ணைக்கு இல்லாத வசதி இது. முன்பு காலிபிளவர், நூல்கோல், முள்ளங்கி இருந்த பாத்தியில் கோஸை நடாதிருப்பதும் நோயைக் குறைக்கும்.

அறுவடை

கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, அமுங்காமல் கெட்டியாக இருப்பின் உடனே அறுக்க வேண்டும். பெருக்கட்டும் என்று விட்டு வைத்தால் வெடித்துவிடும். உடனே அறுக்க இயலாவிடின் செடியைப் பிடித்து மெல்லத் திருகி விட்டால் சில வேர்கள் அறுந்து, நீர் ஏறுவது குறைந்து, வெடிப்பது சில நாட்கள் தள்ளிப் போகும். முட்டைக்கோஸில் உயிர்ச்சத்து சி உண்டு. நெடுநேரம் வேக வைத்து நீரை வடித்துக் கொட்டினால் அச்சத்தில் பெரும் பகுதி போய்விடும். குறைந்த நீரில் மூடி வைத்து வேக விடுவதே நன்மை.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

ஒரு கிராம் விதையில் ஏறத்தாழ 250 முதல் 300 விதைகள் இருக்கும். எனவே 60 செடிகளுக்கு அரைக் கிராம் விதை கூடத் தேவையில்லை. கடையில் 10 கிராம் பொட்டலம் வாங்கும் குடியானவர் மீதியை என் செய்வார்? பிரித்த விதை வெப்பத்தில் கிடந்து முளைப்புத் திறனை இழக்கும். ஆனால் அதே 10 கிராம் விதையை ஊர்ப் பொதுவில் ஒரே நாற்றங்காலில் விட்டால், முளைக்காதவற்றையும் அழுகுபவற்றையும் கழித்த பின்னும் 25 வீடுகளுக்கு நாற்றுக் கிடைக்கும். விதைச் செலவு பங்காகிக் குறையும். எல்லோரும் உரிய மாதத்தில் நடுவதும் உறுதியாகும். நாம் முன்பு கூறியபடி, காலம் தவறாமையே இப்பயிரின் உயிர்நிலை.

மகளிர் சுயஉதவிக் குழுவிடம் இந்நாற்றங்காலை ஒப்படைக்கலாம். வடிகாலுள்ள ஒரு சிறு இடமும், தண்ணீர் வசதியும், கீற்றுப் பந்தலுமே பஞ்சாயத்து அளிக்க வேண்டியவை. பள்ளிச் சத்துணவு மையத்திற்கும் அங்கன்வாடிக்கும் ஒவ்வொரு பாத்தி நாற்று ஒதுக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு அளிக்க 1956-இல் வழி வகுத்த காமராஜர் பிறந்த மாவட்டத்தில், அப்பிள்ளைகளின் தட்டில் ஊர்த் தோட்டத்துக் காய் விழுவது பொருத்தமே. ஐயங்களைத் தீர்த்துக் கொள்ள வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையும், அருப்புக்கோட்டையிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

பெரியாழ்வார் நந்தவனம் அமைத்துப் பேணிய ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்றது இராஜபாளையம். தோட்டக்கலை இம்மக்களுக்குப் புதிதன்று. வரும் புரட்டாசிக்கு முன் ஒவ்வொரு பஞ்சாயத்தும் நாற்றங்காலுக்கு இடத்தைத் தேர்ந்து, நாற்று வேண்டும் வீடுகளின் கணக்கை எடுத்து வைத்தல் வேண்டும். மழை தொடங்கிய பின் இடம் தேடினால் தவணை தவறிவிடும்.